ஆசிரியருக்கு: 30 நாள் நாய்க்குட்டிக்கு விளம்பரம் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் ஞாயிறு தோறும் வரும் வரி விளம்பரங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வீட்டுமனை, பழைய டிராக்டர், ஆள் தேவை எல்லாம் சரி. அவற்றுக்கு நடுவில் "லேப் குட்டிகள், 30 நாள், டபுள் போன் (கனத்த எலும்பு), ஒரிஜினல், உடனே அணுகவும்" என்று ஒரு செல் நம்பரோடு வருகிறதே, அதை நிறுத்துங்கள். நாய்க்குட்டி விற்பதையே நிறுத்தச் சொல்லவில்லை. 30 நாள் குட்டியை, யார் விற்கிறார், எங்கே வளர்ந்தது, தாய் எது என்று எதுவும் தெரியாமல் விற்பதற்கு உங்கள் பத்திரிகை இடம் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

இது ஏதோ என் ஆசைக்குச் சொல்வதல்ல. 2017ல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றித் தனியாக விதிகளே கொண்டு வந்திருக்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நாய் வளர்த்து விற்கிறவர், அதாவது பிரீடர், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஒரு வருடத்தில் ஒரு ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். "30 நாள்" என்று அவரே விளம்பரத்தில் எழுதிக் கொடுக்கிறார், நீங்களும் அதை அப்படியே அச்சடிக்கிறீர்கள்.

காவேரிப்பட்டணத்தில் கால்நடை மருந்துக்கடை நடத்துகிறேன். கடைக்கு வருவதில் மாடு, ஆடு வைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஆனால் கொரோனா காலத்துக்குப் பிறகு நாய்க்குட்டியோடு வருகிறவர்கள் நன்றாகவே கூடியிருக்கிறார்கள். முதல் முறையாக நாய் வளர்க்கிற குடும்பங்கள். "பசங்க கேக்கறாங்க, பிரீடர்கிட்ட வாங்கலாமா, இல்ல தெருவுல கிடக்கற குட்டியை எடுத்து வளர்க்கலாமா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்காமல் இருப்பதில்லை. நல்ல கேள்விதான். ஆனால் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரீடர் என்று நினைத்துக்கொண்டு இருப்பது பிரீடரை அல்ல, இடைத்தரகரை. அவரிடம் தாய் நாயும் கிடையாது, வளர்க்கிற இடமும் கிடையாது. பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ அட்டைப்பெட்டியில் குட்டிகளை எடுத்து வந்து, கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலோ ஏதாவது டீக்கடை வாசலிலோ கைமாற்றிவிட்டுப் போய்விடுவார். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவில் இருந்த குட்டிதானா இது என்றுகூட யாரும் பார்ப்பதில்லை.

பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும். மடியில் துண்டில் சுற்றிய லேப்ரடார் குட்டி, வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாந்தி, ரத்தபேதி. பார்வோ என்கிற வைரஸ் பேதிக்கு ஒரு நாற்றம் உண்டு, ஒரு தடவை மோந்தவர்களுக்கு மறக்காது, அவர்கள் படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈறு வெளுத்திருந்தது, காது சில்லென்று இருந்தது. "ஊசி எல்லாம் போட்டாச்சுன்னு கார்டு குடுத்தாங்கம்மா" என்று அந்த அப்பா நம்பிக்கையோடு அட்டையை நீட்டினார். மருந்து பாட்டிலில் இருக்கும் ஸ்டிக்கரை ஒட்டி ஒரு தேதியும் எழுதியிருந்தது. அதே அட்டையில் பிறந்த தேதியும் இருந்தது. கணக்குப் போட்டால் ஊசி போட்டபோது குட்டிக்கு மூன்று வாரம்! அந்த வயதில் இந்த ஊசியை யாரும் போட மாட்டார்கள், போட்டாலும் வேலை செய்யாது, தாய்ப்பால் மூலம் வந்த எதிர்ப்புச் சக்தியே மருந்தைச் செயல்பட விடாது. டாக்டர் முன்னங்காலில் நரம்பு தேடி டிரிப்ஸ் ஏற்றினார். பிழைக்கவில்லை. விற்றவரின் நம்பர் அன்றைக்கே சுவிட்ச் ஆஃப்.

அடுத்த வாரமே அவர் வந்து "பொண்ணு சாப்பிடவே மாட்டேங்குது, வேற குட்டி வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் போட்டுக் கழுவினால் போகாது, பிளீச்சிங் கரைசல்தான் அதைக் கொல்லும். அதே வாசலில் தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை விட்டால் அதற்கும் வரும். இதை எல்லாம் குட்டியை விற்கும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும், சொல்ல ஆள் இல்லை.

எட்டு வாரம் என்று சட்டம் ஏன் கறாராகச் சொல்கிறது என்பதற்கு நோய் மட்டும் காரணம் இல்லை. குட்டி கடிக்கப் பழகுவதும், கடியை அடக்கப் பழகுவதும் தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் விளையாடும்போதுதான். வலிக்கிற மாதிரி கடித்தால் மற்ற குட்டி கத்தும், விளையாட்டை நிறுத்திவிட்டுப் போய்விடும், தாய் ஒரு உறுமல் உறுமும். நான்கு வாரத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைக்காது. ஆறு மாதம் கழித்து "என் பையன் கையைக் கடிச்சுக்கிட்டே இருக்கு, யாருக்காவது குடுத்துடலாம்" என்று அதே வீட்டுக்காரர் வருவார்.

சரி, அப்படியானால் வாங்கவே கூடாதா? நல்ல பிரீடர் இருக்கிறார்கள். ஓசூர் பக்கம் லேப்ரடார் வளர்க்கிற ஒருவரிடம் என் நாத்தனார் வீட்டில் குட்டி வாங்கினார்கள். முதல் நாள் குட்டியே கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், சொந்த வீடா வாடகையா, இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறீர்களா என்று அவர்தான் கேள்வி கேட்டார். தாய் நாய் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது, புது ஆட்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. இடுப்பு எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்ததையும் காட்டினார், ஏனென்றால் லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு பரம்பரையாக வரும், வளர்ந்த பிறகு பின்னங்கால் இழுக்கும். ஏதாவது காரணத்தால் வளர்க்க முடியாமல் போனால் நாயை என்னிடமே திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். பிரீடர் என்றால் இவர்தான். விலை கூடத்தான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் கூடவே இருக்கப்போகிற ஒன்றுக்குத் தீனி, ஊசி, உண்ணி மருந்து, வைத்தியம் என்று ஆகிற செலவில் குட்டியின் விலைதான் ரொம்பச் சின்ன செலவு.

போச்சம்பள்ளி சந்தையில் ஒரு கறவை மாடு வாங்கப் போகிறோம் என்றால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், எத்தனை ஈத்து என்று கேட்போம், நான்கு காம்பிலும் பீய்ச்சிப் பார்ப்போம், நடக்க விட்டுக் கால் பார்ப்போம், அப்புறமும் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து அரை மணி நேரம் பேரம் பேசுவோம். அதே ஆட்கள்தான் நாய்க்குட்டி என்றால் செல்போனில் போட்டோ பார்த்து ஜிபேயில் அட்வான்ஸ் போட்டுவிடுகிறார்கள். தாயைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். "தாய் தோட்டத்துல இருக்கு", "பார்ட்னர் வீட்ல இருக்கு" என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

"பேப்பரோட வர்ற குட்டி" என்று ஒரு ரகம் இருக்கிறது, அதற்கு விலை இரண்டு மடங்கு. சென்னையில் இருக்கிற கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கொடுக்கும் பதிவுச் சான்றிதழைத்தான் பேப்பர் என்கிறார்கள். இந்தக் குட்டியின் தாய் இது, தகப்பன் இது, பாட்டன் இது என்று வம்சம் சொல்லும் தாள் அது. ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கோ தடுப்பூசி போட்டதற்கோ அது சான்று இல்லை. பலர் இரண்டையும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள்.

எந்த இனம் என்பதிலும் நம் ஊர் வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2024ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் போன்றவற்றை நம் தட்பவெப்பத்துக்கும் அதன் உடம்புக்கும் ஆகாதவை என்று தனிப் பட்டியலே போட்டார்கள். ஓசூர் மேட்டில் இருக்கிறது, கொஞ்சம் குளிர்ச்சி, அங்கே சமாளிக்கலாம் என்பார்கள். ஓசூரிலும் ஏப்ரல் மே வருகிறது. தருமபுரியிலும் அரூரிலும் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டில் ஒரு ஹஸ்கி மூச்சு இரைக்கிறதைப் பார்த்தால் வளர்ப்பவருக்கும் நிம்மதி இருக்காது. பக் நாய்க்கு மூக்கே சப்பை, சாதாரண நாளிலேயே மூச்சு விடச் சிரமப்படும்.

நம்ம நாட்டு இனம்தானே நல்லது, ராஜபாளையம் வாங்கலாம், சிப்பிப்பாறை வாங்கலாம் என்று ஆர்வமாகக் கேட்கிறவர்களும் உண்டு. எனக்கும் அந்த நாய்கள் மேல் மரியாதை இருக்கிறது. 2005ல் தபால் துறை ராஜபாளையத்துக்கு ஸ்டாம்பே வெளியிட்டது. ஆனால் சிப்பிப்பாறை ஓடி வேட்டையாடப் பழகிய உடம்பு, கிருஷ்ணகிரி டவுனில் லைன் வீட்டில் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப்போட்டால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும். தோட்டம், மாந்தோப்பு இருப்பவர்களுக்குப் பொருந்தும். ராஜபாளையம் குட்டியில் காது கேட்காமல் பிறப்பது உண்டு, அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற கோளாறு அது. வாங்கும்போது குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், திரும்புகிறதா என்று. இதற்கும் தாயைப் பார்க்க வேண்டும் என்கிற விதி உண்டு, நாட்டு இனம் என்பதற்காகத் தரகர் நல்லவராகிவிட மாட்டார்.

இத்தனையும் சொல்லிவிட்டு நான் கடையில் சொல்கிற பதிலைச் சொல்கிறேன். முதல் முறை நாய் வளர்க்கிற, அப்பா அம்மா வேலைக்கும் பிள்ளைகள் ஸ்கூலுக்கும் போகிற நம் மாவட்டத்துச் சாதாரணக் குடும்பத்துக்குத் தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியோ, யாரோ விட்டுவிட்டுப் போன வளர்ந்த நாயோதான் சரி. காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த வெயிலுக்கும் இந்தத் தண்ணீருக்கும் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்து வந்த உடம்பு அது. குட்டை முடி, உண்ணி பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம். வீட்டில் கிண்டுகிற கேழ்வரகுக் களியில் கொஞ்சம் மோர் ஊற்றி ஒரு முட்டையும் சேர்த்தால் வேளை முடிந்தது. வெறும் களி மட்டும் போட்டு வளர்க்காதீர்கள், வளர்கிற குட்டிக்குப் புரதம் வேண்டும். புத்திக்கும் குறைவில்லை, காவலுக்கும் குறைவில்லை. நிலக்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி வந்தால் முதலில் குரல் கொடுப்பது எந்த நாய் என்று பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள்.

ஆனால் தெருக்குட்டியை எடுத்தோம், வாசலில் விட்டோம் என்று இருக்க முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எடுத்த அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பூச்சி மருந்து அவர் சொல்கிற இடைவெளியில் கொடுக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோவுக்கும் டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு வைரஸ் நோய்க்கும் சேர்த்துப் போடும் முதல் ஊசி, அதிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு மாதம் வரை தொடர வேண்டும், ஒன்று போட்டால் போதாது. மூன்று மாதத்தில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி, அப்புறம் வருடா வருடம். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம் போன்ற நாட்களை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசி இலவசமாகப் போடுவார்கள், உங்கள் பத்திரிகையிலேயே அந்தச் செய்தி வரும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டிதானே, பல் பட்டால் என்ன என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். குட்டிக்கும் ரேபிஸ் வரும். ஊசி போடாத குட்டி கீறினாலும் கடித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், அங்கே ஊசி இலவசம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மந்திரித்த கயிறு எதுவும் வேண்டாம். அறிகுறி வந்துவிட்டால் யாராலும் காப்பாற்ற முடியாத நோய் அது.

ஆறேழு மாதத்தில் கருத்தடை. இதில்தான் நம் ஆட்கள் தயங்குகிறார்கள், "பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்பார்கள். அந்த ஒரு தடவையில் போடுகிற ஐந்தாறு குட்டிக்கு வீடு பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் போய்த்தான் நிற்கும்.

குழந்தை இருக்கிற வீட்டில் தெருநாயா, பயமாக இருக்கிறதே என்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாய்க்கடிச் செய்தி வராத நாள் இல்லை. ஆனால் 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியவை ராட்வீலர்கள், காசு கொடுத்து வாங்கி வீட்டில் வளர்த்த நாய்கள். எட்டு வாரத்தில் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளோடு வளர்ந்து, ஊசியும் கருத்தடையும் ஆன ஒரு நாட்டு நாய்க்குத் தெருவில் கும்பலாகத் திரிகிற நாயின் குணம் வராது. எந்த நாயாக இருந்தாலும் அது சாப்பிடும்போது குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள், பெரியவர்கள் இல்லாமல் சின்னக் குழந்தையோடு தனியாக விடாதீர்கள். இதற்கு இனம் கிடையாது.

வளர்ந்த நாயை எடுப்பது பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. எனக்கு அதுதான் வருத்தம். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள் மாற்றலாகிப் போகும்போது நாயை வாடகை வீட்டு கேட்டிலேயே கட்டிவிட்டுப் போகிறார்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி பசி தாகத்தில் தவிக்கும்படி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது குற்றம். அப்படி விடப்பட்ட ஒரு லேப்ரடாரைப் பாலக்கோட்டில் ஒரு ஆசிரியை வீட்டில் எடுத்தார்கள். கூடத்தில் படுக்கும், பிள்ளைகள் மேல் ஏறினாலும் பேசாது. சமையலறை நிலைப்படியை மட்டும் தாண்டவே தாண்டாது, உள்ளே இருந்து கூப்பிட்டால் உடம்பு நடுங்கும். முந்தின வீட்டில் அடி வாங்கியிருக்கும் போல. அந்த அம்மா வற்புறுத்தவில்லை, நிலைப்படி ஓரத்திலேயே தட்டை வைத்து வைத்து, நாளுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, இப்போது அது அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வளர்ந்த நாயில் இந்த மாதிரி சிரமம் இருக்கும், முன் கதை தெரியாது. ஆனால் எவ்வளவு உயரம் வளரும், என்ன குணம், குழந்தைகளைப் பிடிக்குமா என்பது எடுக்கும்போதே தெரிந்துவிடுகிறது, குட்டியில் அது தெரியாது. வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

விலங்கு நல அமைப்புகள் என்று பார்த்தால் சென்னையில் ப்ளூ கிராஸ் 1959லிருந்து இருக்கிறது, பெங்களூரில் கியூபா (CUPA) 1991லிருந்து. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். இம்மாதிரி அமைப்புகளில் தத்துக் கேட்டால் நிறையக் கேள்வி கேட்பார்கள், வீட்டை வந்து பார்ப்பார்கள், கருத்தடை செய்வேன் என்று எழுதி வாங்குவார்கள், தூரமாக இருந்தால் தரத் தயங்கவும் செய்வார்கள். "இலவசமா குடுக்கற நாய்க்கு இவ்ளோ விசாரணையா?" என்று கோபித்துக்கொண்டு நேராகத் தரகரிடம் போனவர்களை எனக்குத் தெரியும். நாத்தனாருக்குக் குட்டி கொடுத்த பிரீடரும் அதே கேள்விகளைத்தான் கேட்டார். எதுவும் கேட்காமல் கொடுக்கிறவரிடம்தான் நாம் உஷாராக இருக்க வேண்டும்.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடங்களில் எந்த நாயையும் இரவில் வெளியே சங்கிலியில் கட்டாதீர்கள். கட்டிய நாயால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் மேலே கம்பி வலை போட்ட கொட்டகை வேண்டும்.

இனி உங்களிடம் கேட்பது. பதிவு எண் இல்லாமல் நாய்க்குட்டி விளம்பரம் வாங்காதீர்கள், குட்டியின் வயது எட்டு வாரத்துக்குக் குறைவு என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டக் கால்நடைத் துறையும் பதிவு பெற்ற பிரீடர்கள் யார் யார் என்று மக்களுக்குத் தெரிகிற மாதிரி வெளியிட வேண்டும், உங்கள் நிருபர் கேட்டால் பதில் வரும், நான் கேட்டால் வராது. தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பில் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்று இருக்கிறது. ஓசூர் மாநகராட்சியிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி நகராட்சிகளிலும் அந்த விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது என்று விசாரித்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் தத்துக்கு என்று நான்கு வரி இடம் கட்டணம் இல்லாமல் ஒதுக்குங்கள்.

ஒதுக்கினால் முதல் வாரத்துக்கான விவரம் இப்போதே தருகிறேன்: காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டிக்குப் பின்னால் நான்கு நாட்டுக்குட்டிகள், இரண்டு கடுவன், இரண்டு பெட்டை, செவலை நிறம், தாய் கூடவே இருக்கிறது, நேரில் வந்து பார்க்கலாம். பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது. ஆறு வாரம்தான் ஆகிறது, அதனால் இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
கால்நடை மருந்துக்கடை நடத்தும் வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.